ஏரிக்கரைக் கூடாரம், 8 மாதக் குழந்தை: கொசுவிரட்டி எது, எவ்வளவு பூசலாம்?

இருபிள்ளைத்தாய்

எல்லோருக்கும் வணக்கம். பள்ளி விடுமுறையில் இரண்டு குடும்பமாகச் சேர்ந்து ஓர் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். மகளுக்கு 6 வயது. மகனுக்கு 8 மாதம், இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறான், கை எந்நேரமும் வாயில்தான்.

ஏரியை ஒட்டி மரங்கள் அடர்த்தி. பகலிலும் கொசு, சாயங்காலம் கேட்கவே வேண்டாம் என்று ஏற்கெனவே போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். என் கணவர் மலையேற்றத்துக்குக் கொண்டுபோகும் ஸ்ப்ரே வீட்டில் இருக்கிறது, அதில் டீட் என்ற கொசுவிரட்டி ரசாயனம் 50 சதவீதம் என்று போட்டிருக்கிறது. இன்னொரு பாட்டிலில் ‘இயற்கையானது, குழந்தைகளுக்கு ஏற்றது’ என்று பெரிதாக எழுதியிருக்கிறது, ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பது எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

இணையத்தில் தேடினால் குழப்பம் கூடுகிறது. ஒரு பக்கத்தில் 2 மாதக் குழந்தையிலிருந்தே டீட் பூசலாம் என்கிறார்கள். இன்னொரு பக்கத்தில் 6 மாதம் ஆகாமல் தொடவே கூடாது என்கிறார்கள். 10 சதவீதம் என்கிறது ஒன்று, 30 சதவீதம் என்கிறது இன்னொன்று. எதை நம்புவது? மகளுக்கு வெயிலுக்கு சன்ஸ்க்ரீனும் போட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போடலாமா? ஊரைச் சொல்லி, பிராண்டைச் சொல்லிப் பதில் தர வேண்டாம், என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று சொன்னால் போதும்.

மஞ்சள்குடை

வணக்கம் தோழி. நான் என் பிள்ளைகளுக்கு ரசாயன ஸ்ப்ரே எதுவும் போடுவதில்லை. சிட்ரோனெல்லா என்ற புல் எண்ணெயின் வாசனை வரும் கைப்பட்டை கட்டிவிடுவேன், சட்டையில் ஸ்டிக்கரும் ஒட்டுவேன். கூடவே வீட்டிலேயே யூகலிப்டஸ் எண்ணெயில் கற்பூரம் கரைத்து ஒரு சின்ன பாட்டிலில் வைத்திருக்கிறேன். குழந்தையின் தோல் மெல்லியது இல்லையா, கடையில் விற்பதைத் தேய்க்க மனசு வரவில்லை.

மருந்துப்பெட்டி

நான் மருந்தாளுநர். விடுமுறைக் காலம் வந்தால் இந்தக் கேள்வியோடு ஒரு பெற்றோராவது தினமும் என் மேஜைக்கு முன்னால் நிற்பார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் சதவீதம். பாட்டிலில் 10 என்றோ 30 என்றோ போட்டிருப்பதைப் பார்த்து, 30 என்றால் கொசுவை மூன்று மடங்கு பலமாக விரட்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அந்த எண் சொல்வது நேரத்தைத்தான். 10 சதவீத டீட் ஏறக்குறைய 2 மணி நேரம் தாங்கும், 30 சதவீதம் ஏறக்குறைய 5 மணி நேரம் தாங்கும். வேலை செய்கிற வரைக்கும் இரண்டும் ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன. 2002-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஓர் ஆய்வில், கொசு நிறைந்த கூண்டுக்குள் கையை விட்டு, முதல் கடி எப்போது விழுகிறது என்று அளந்தார்கள். 4.75 சதவீத டீட் சராசரியாக 88 நிமிடம் தாங்கியது. 20 சதவீதம் 234 நிமிடம். 23.8 சதவீதம் 5 மணி நேரம். 50 சதவீதத்துக்கு மேலே போனால் நேரம்கூட அவ்வளவாக ஏறுவதில்லை.

அதனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, ‘எவ்வளவு நேரம் வெளியே இருக்கப் போகிறோம்?’ என்பதுதான். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் கரையில் உட்கார்ந்திருக்க 10 சதவீதம் போதும். நாள் முழுக்கக் காட்டுக்குள் நடக்கிற பெரியவருக்கு 30 தேவைப்படலாம். கணவரின் 50 சதவீத பாட்டில் கணவருக்கு மட்டும் இருக்கட்டும். அதைத் தண்ணீர் கலந்து குழந்தைக்கு என்று நீர்க்க வைக்கவும் வேண்டாம்.

இப்போது நீங்கள் படித்த முரண்பாடு. நீங்கள் பார்த்த இரண்டும் தவறு இல்லை, இரண்டு நாட்டு அறிவுரைகள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2 மாதத்துக்குக் கீழே வேண்டாம், அதற்கு மேலே 30 சதவீதம் வரை போகலாம் என்கிறது. கனடாவின் சுகாதாரத் துறை 6 மாதத்துக்குக் கீழே டீட் வேண்டாம் என்கிறது, 6 மாதம் முதல் 2 வயது வரை 10 சதவீதத்துக்கு மிகாமல் ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறை, 2 முதல் 12 வயது வரை அதே 10 சதவீதம் ஒரு நாளைக்கு மூன்று முறை வரை. டீட்டை அமெரிக்க ராணுவத்துக்காக 1946-ல் உருவாக்கினார்கள், 1957-லிருந்து பொதுமக்கள் பயன்படுத்துகிறார்கள். இத்தனை ஆண்டுகளில் சரியாகப் பூசியவர்களுக்குப் பெரிய தீங்கு வந்ததாகச் செய்திகள் மிக மிகக் குறைவு. வந்த சிலவற்றில் விழுங்கியதும், அளவில்லாமல் திரும்பத் திரும்பப் பூசியதும்தான் அதிகம். ஆனாலும் பூசுவதில் கொஞ்சம் தோல் வழியே உள்ளே போகத்தான் செய்கிறது. எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு பெரியவர்களைவிட அதிகம். கனடா இறுக்கமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். என்னிடம் கேட்டால், இறுக்கமான விதியிலேயே வேலை முடியும்போது ஏன் தளர்த்த வேண்டும்? உங்கள் மகனுக்குக் கனடாக்காரர்கள் சொன்னபடியே போங்கள்.

டீட் மட்டும்தான் வழி என்றும் இல்லை. பிக்காரிடின் என்று ஒன்று உண்டு, சில நாடுகளில் ஐகாரிடின் என்பார்கள். வாசனை கிட்டத்தட்ட இல்லை, பிசுபிசுப்பு குறைவு. 20 சதவீதம் என்றால் பல மணி நேரம் தாங்கும். உங்கள் மகளுக்கு நான் எடுத்துக்கொடுப்பது அதுவாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஒட்டுகிறது, நாறுகிறது என்று பிள்ளைகள் அழுது துடைத்துக்கொண்டால் எந்த மருந்தும் பயனில்லை. ஐஆர் 3535 என்ற இன்னொரு விரட்டியையும் லேபிளில் பார்ப்பீர்கள், தோலுக்கு மிருதுவானது, ஆனால் நேரம் தயாரிப்புக்குத் தயாரிப்பு ரொம்ப மாறும். எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் அல்லது பிஎம்டி என்று போட்டிருந்தால் அது 3 வயது ஆன பிறகுதான், கண்ணில் பட்டால் கடுமையாக எரிச்சல் தரும். மகனுக்கு அதைத் தொட வேண்டாம்.

‘இயற்கையானது, குழந்தைகளுக்கு ஏற்றது’ என்ற வரியை மறந்துவிடுங்கள். பாட்டிலைத் திருப்புங்கள். செயல்படும் பொருளின் பெயரும், அதன் சதவீதமும், எந்த வயதிலிருந்து என்பதும் எழுதியிருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

மஞ்சள்குடை, உங்கள் மனசு எனக்குப் புரிகிறது, ஆனால் இதைச் சொல்லாமல் போக முடியாது. மேலே சொன்ன அதே ஆய்வில் கைப்பட்டைகளையும் சோதித்தார்கள். பட்டை கட்டிய கையிலேயே சில நொடிகளில் கொசு கடித்துவிட்டது. சிட்ரோனெல்லா போன்ற தாவர எண்ணெய்த் தயாரிப்புகளில் பெரும்பாலானவை 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை. விரட்டி என்பது பூசிய இடத்தில் மட்டும்தான் காக்கும். முழங்கையில் பூசிவிட்டு மணிக்கட்டை விட்டால் கொசு மணிக்கட்டுக்குப் போகும். பட்டையோ ஸ்டிக்கரோ உடம்பு முழுக்க எப்படிக் காக்கும்? டெங்கு மாதிரி நோய் பரவும் இடமாக இருந்தால் அந்த நம்பிக்கை ஆபத்தானது.

அதைவிட அந்தக் கற்பூரம்தான் எனக்குக் கவலை. கற்பூரம் சின்னக் குழந்தைகளுக்கு நிஜமான விஷம். ஒரு வாய் உள்ளே போனாலே வலிப்பு வரலாம், தோல் வழியாகவும் ஏறும். அந்தப் பாட்டிலை இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள், தயவுசெய்து.

கானகன்

நான் வார இறுதிகளில் பிள்ளைகளை இயற்கை நடைக்குக் கூட்டிப்போகிறவன். மருந்தைப் பற்றி மேலே சொன்னதற்கு மேல் எனக்குத் தெரியாது. ஆனால் பூசுகிற தோலின் பரப்பையே குறைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை போச்சு, அதைப் பற்றிச் சொல்கிறேன்.

சகோதரி, மகளுக்கு முழுக்கை, முழுக்கால், தொளதொள என்று இருக்கும் வெளிர் நிற உடை எடுத்துவையுங்கள். இறுக்கமான லெக்கிங்ஸ் போட்டால் துணியின் மேலிருந்தே கொசு ஊசியை இறக்கிவிடும். கால்சட்டையின் நுனியை சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். பல கொசுக்கள் கணுக்காலைத் தேடி வரும். புல்லில் உண்ணி இருந்தாலும் அது கீழேயிருந்துதான் ஏறும். வெளிர் நிறத்தில் உண்ணி ஊர்வது கண்ணுக்குத் தெரியும். இரவு படுக்கும் முன்பு முழங்காலின் பின்புறம், அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடி ஓரம் என்று ஒரு தடவை தடவிப் பாருங்கள்.

குழந்தைக்குத் தள்ளுவண்டி இருந்தால், விளிம்பில் எலாஸ்டிக் வைத்த வலை வாங்குங்கள். வலை முகத்தில் படாமல் கொஞ்சம் உயர்ந்து நிற்க வேண்டும், தோலை ஒட்டிக் கிடந்தால் அதன் வழியாகவே கடிக்கும். தவழ்கிற பிள்ளைக்கு நாலு பக்கமும் வலையடித்த கூடு போன்ற விளையாட்டுக் கூடாரம் கிடைக்கிறது. நான் பார்த்தவரை அந்த வயதுக்கு அதைவிட நிம்மதியான ஏற்பாடு இல்லை.

கூடாரத்தைத் தண்ணீர் ஓரமாகப் போடாமல், காற்று அடிக்கிற மேட்டில் போடுங்கள். கொசு பலவீனமாகப் பறக்கும் பூச்சி, காற்றில் தடுமாறும். ஒரு விஷயம், எல்லாக் கொசுவும் சாயங்காலக் கொசு இல்லை. டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும், விடிந்த கொஞ்ச நேரமும் இருட்டுவதற்கு முந்தைய கொஞ்ச நேரமும் அதற்கு மும்முரம். மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் இருட்டிய பிறகு. ‘சாயங்காலம் பூசிக்கொள்ளலாம்’ என்று பகலை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரக் கண்ணாடி, பைனாகுலர், ரேயான், ஸ்பான்டெக்ஸ் எல்லாம் கெடும். பருத்திக்கும் கம்பளிக்கும் ஒன்றும் ஆகாது. பிக்காரிடினில் இந்தத் தொல்லை இல்லை. பிள்ளைகள் கையில் பைனாகுலர் கொடுக்கிறவன் என்பதால் எனக்கு இது பெரிய வித்தியாசம்.

இருபிள்ளைத்தாய்

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு இருவருக்கும் நன்றி. மஞ்சள்குடை, நீங்கள் மனம் திறந்து எழுதியதால்தான் எனக்கும் கற்பூரம் பற்றித் தெரிந்தது.

அக்கா, இன்னும் சில சந்தேகம். மகளுக்கு முழங்கை மடிப்பில் எக்ஸிமா உண்டு, சொறிந்து சொறிந்து சிவந்திருக்கும், தினமும் மாய்ஸ்சரைசர் போடுகிறோம். அங்கே பூசலாமா? முகத்துக்கு எப்படி? சன்ஸ்க்ரீன் கேள்விக்கும் பதில் வரவில்லை. மகன் கையை வாயில் வைப்பானே, நக்கிவிட்டால்? துணியில் தெளிக்கிற பெர்மெத்ரின் என்று ஒன்று இருப்பதாகக் கணவர் சொல்கிறார், அது வேண்டுமா?

மஞ்சள்குடை

பாட்டிலைக் குழந்தைகள் எட்டாத உயரத்துக்கு மாற்றிவிட்டேன். நாளை முறையாக அப்புறப்படுத்திவிடுகிறேன். நன்றி அக்கா. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். யூகலிப்டஸ் எண்ணெயை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாமா? நீங்களே எலுமிச்சை யூகலிப்டஸ் வேலை செய்யும் என்றுதானே எழுதினீர்கள்?

மருந்துப்பெட்டி

மஞ்சள்குடை, நல்ல கேள்வி. பரிசோதனையில் தேறியது, எலுமிச்சை யூகலிப்டஸ் மரத்து இலையிலிருந்து எடுத்து, பிஎம்டி என்ற பொருளைப் பெருக்கித் தயாரித்த விரட்டி. அதற்கென்று பெருக்கிய அந்த எண்ணெயில் பிஎம்டி 65 சதவீதம் அளவுக்கு இருக்கும். வாசனைக்காகச் சின்னக் குப்பியில் விற்கும் எண்ணெயில் அது பேருக்குத்தான் இருக்கும், கொசுவுக்கு எதிராக அதைச் சோதித்து அனுமதி வாங்கியதும் இல்லை. சாதாரண யூகலிப்டஸ் எண்ணெய் வேறு மரம், வேறு எண்ணெய். அதுவும் விழுங்கினால் குழந்தைக்கு விஷம். வைத்துக்கொள்ள வேண்டாம்.

இருபிள்ளைத்தாய், எக்ஸிமாவிலிருந்து தொடங்குகிறேன். சிவந்த, கீறிய, ஈரம் கசியும் தோலில் எந்த விரட்டியும் வேண்டாம். எரியும் என்பதோடு, கிழிந்த தோல் வழியே அதிகமாக உள்ளே போகும். நல்ல வேளை, முழங்கை மடிப்பு முழுக்கைச் சட்டைக்குள் போய்விடும் இடம். துணி மூடுகிற இடத்தில் விரட்டி பூசவே கூடாது, மூடிவைத்தால் தோல் கூடுதலாக உறிஞ்சும். ஆக அந்த இடத்துக்கு மாய்ஸ்சரைசரும் பருத்திச் சட்டையும் போதும். மற்ற இடங்களுக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாளே வீட்டில் முன்கையில் ஒரு சின்ன இடத்தில் பூசிப் பாருங்கள். தடிப்பு வந்தால் கழுவிவிட்டு வேறு வகை தேடலாம், ஏரிக்கரையில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டாம்.

சன்ஸ்க்ரீன் முதலில், அது தோலில் ஊறிக் காய்ந்த பிறகு விரட்டி. இரண்டும் கலந்த ஒரே ட்யூப் விற்கிறார்கள், அதை மட்டும் வாங்காதீர்கள். வெயிலுக்குப் போட்டதை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும், விரட்டியை அவ்வளவு அடிக்கடி போடவே கூடாது. கலந்ததை வாங்கினால் ஒன்று வெயிலில் கருகும், இல்லை விரட்டி அளவுக்கு மீறிப் போகும். இன்னொன்று, டீட்டோடு சேரும்போது சன்ஸ்க்ரீனின் காப்பு குறையும். அதனால் நிழலும் தொப்பியும் கூடவே இருக்கட்டும்.

முகத்துக்கு நேராக ஒருபோதும் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். உங்கள் உள்ளங்கையில் எடுத்து, நெற்றி, கன்னத்தின் ஓரம், காது மடல், பிடரி என்று மெல்லியதாகத் தடவுங்கள். கண்ணும் வாயும் சுற்றியிருக்கும் இடத்தை விட்டுவிடுங்கள். பிறகு உங்கள் கையைக் கழுவுங்கள். ஆறு வயது மகள் ‘நானே அடித்துக்கொள்கிறேன்’ என்று கேட்பாள், கொடுக்க வேண்டாம். அவள் கைகளிலும் பூச வேண்டாம், அந்தக் கை கண்ணுக்குப் போகும், சாப்பாட்டுக்குப் போகும். தெளிப்பது எப்போதும் திறந்த வெளியில். கூடாரத்துக்குள்ளோ காருக்குள்ளோ அடித்தால் எல்லோரும் அதைத்தான் மூச்சில் இழுப்பீர்கள். நெருப்பு மூட்டியிருந்தால் அதன் பக்கத்திலும் கூடாது, இந்த ஸ்ப்ரேக்களில் பல ஆல்கஹாலில் கரைத்தவை.

மகன் விஷயத்தில் கானகன் சொன்ன வலைக்கூடுதான் முதல் காவல். சாயங்காலம் மடியில் வைத்திருக்கும் நேரத்துக்கு மட்டும், ஒரே ஒரு முறை, 10 சதவீத லோஷன் அல்லது குழந்தை வயதுக்கு எழுதியிருக்கும் பிக்காரிடின், கணுக்காலிலும் பிடரியிலும் லேசாக. கையில் வேண்டாம், முகத்தில் வேண்டாம். கால் கட்டை விரலை வாயில் இழுக்கிற வயது அது, பாதத்துக்கு, கணுக்காலை மூடாத குட்டை சாக்ஸ் போட்டுவிடுங்கள். தூங்கப் போகும் முன்பு சோப்பு போட்டுக் கழுவிவிட வேண்டும், இரண்டு பேருக்கும். குளியல் வசதி இல்லையென்றால் சோப்புத் துணியால் துடைத்து, வெறும் தண்ணீர்த் துணியால் இன்னொரு முறை. இரவு முழுக்க விரட்டியோடு தூங்கவைக்காதீர்கள், இரவுக்குக் கூடாரத்தின் வலை ஜிப் இருக்கிறது. போட்டிருந்த துணியையும் துவைத்த பிறகே திரும்பப் போடுங்கள்.

பூசிய தோலை ஒரு தரம் நக்கிவிட்டால் பதற வேண்டாம். வாயைத் துடைத்து, கொஞ்சம் தண்ணீரோ பாலோ கொடுங்கள், எரிச்சல் அடங்கிவிடும். பாட்டிலிலிருந்து குடித்துவிட்டால் கதை வேறு. வாந்தி எடுக்கவைக்காதீர்கள், உடனே அவசர மருத்துவ உதவியை அழையுங்கள், பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், உள்ளே என்ன, எத்தனை சதவீதம் என்று கேட்பார்கள். மயக்கமோ வெட்டி இழுப்பதோ அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், அதனால் காத்திருந்து பார்க்கிற வேலை வேண்டாம். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் விடாமல் ஊற்றுங்கள். ஏரிக்கரையில் இதற்காகவே ஒரு பெரிய பாட்டில் தண்ணீரைத் தனியே வையுங்கள்.

பெர்மெத்ரின் தோலுக்கு இல்லை, துணிக்கு மட்டும். கணவரின் கால்சட்டைக்கும் சாக்ஸுக்கும் நல்ல காவல், உண்ணி இருக்கும் இடமென்றால் இன்னும் நல்லது. அது தோலில் இருந்து விரட்டுவதில்லை, துணியில் உட்கார்ந்த பூச்சியையே செயலிழக்கவைக்கும். கிளம்புவதற்கு முன்பே வீட்டில் வெளியில் தொங்கவிட்டு அடித்து, முழுக்கக் காய்ந்த பிறகு போட வேண்டும். மீனுக்குக் கடும் விஷம், ஏரிக்கரையில் வைத்து அடிக்கவே கூடாது. வீட்டில் பூனை இருந்தால் ஈரம் காயும் வரை பக்கத்தில் விடாதீர்கள். துணியின் ஓரத்தைச் சப்புகிற உங்கள் மகனின் உடைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

கடைக்குப் போகும்போது இரண்டு பாட்டில் போதும், கணவருடையது தவிர. மகளுக்கு 20 சதவீத பிக்காரிடின், மகனுக்கு 10 சதவீதத்துக்கு மிகாத டீட் லோஷன். பிக்காரிடின் லேபிளில் இருக்கும் வயது வரம்பு மகனுக்கும் பொருந்தினால் ஒரே பாட்டிலிலும் முடித்துக்கொள்ளலாம். வாங்கியதும் மூடி குழந்தை திறக்க முடியாத வகையா என்று ஒருமுறை திருகிப் பாருங்கள். கூடாரத்தில் பையின் மேல் அறையில் வைக்காமல், உங்கள் தோளில் மாட்டும் பைக்குள் ஜிப் போட்டு வையுங்கள். தவழ்கிற பிள்ளைக்குக் கூடாரத்துக்குள் எட்டாத இடம் என்று ஒன்று கிடையாது.